பிழையே இல்லாத மென்பொருளும் ஆளைக் கொல்லும்

நம்ம கூட்டத்துல பாதிப் பேர் பொட்டி தட்டிப் பிழைக்கிறவங்கதான். நானும் அந்த சாதிதான், அதிலும் டெஸ்டிங். பகல் முழுக்க ஆணி பிடுங்கிட்டு ராத்திரி வந்து கதை, கவிதை, சினிமா, அரசியல்னு எழுதித் தள்ளுறோம். ஆனா நம்ம தொழிலோட வரலாறுன்னு யாராவது கேட்டா பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ், லினஸ் டோர்வால்ட்ஸ்... அதோட சரக்கு தீர்ந்து போகும். அதாவது காசு பார்த்தவங்களும் பேர் வாங்கினவங்களும்.

"நாம எழுதுற நிரலால ஒரு உயிர் போச்சுன்னா?" அப்படிங்கிற ஒரே கேள்வியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு 40 வருஷம் உழைச்ச ஒரு பேராசிரியர் இருக்கார். பேர் நான்சி லெவசன். ரொம்ப காலம் பாடம் நடத்தினது எம்.ஐ.டி-யில. (குரோம்பேட்டை இல்லீங்க, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல இருக்கிறது!) அவரோட கட்டுரைகளையும் புத்தகங்களையும் கொஞ்ச நாளா தேடித்தேடி வாசிச்சிட்டிருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாப் படிங்க.

ஒரு போன் கால்

லெவசன் படிச்சது எல்லாம் லாஸ் ஏஞ்சலிஸ்ல இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல. கணிதத்துல இளங்கலை, அப்புறம் மேலாண்மை, 1980-ல் கணினி அறிவியல்ல முனைவர் பட்டம். படிச்சு முடிச்சதும் அதே பல்கலைக்கழகத்தோட அர்வைன் வளாகத்துல ஆசிரியர் வேலை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு போன். ஹ்யூஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துல இருந்து பாதுகாப்புப் பொறியாளர் ஒருத்தர் பேசுறார். அவங்க ஒரு டார்பிடோ திட்டத்துல வேலை செய்றாங்க. கப்பல்ல இருந்து தண்ணிக்குள்ள விடுற குண்டு. அதுக்குள்ள இப்ப கணினி வந்திடுச்சு. பழைய காலத்து வால்வு, ரிலே எல்லாம் எப்படிக் கெட்டுப்போகும்னு அவங்களுக்கு அத்துபடி. மென்பொருள் எப்படிக் கெட்டுப்போகும்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியலை. அந்த ஆள் துறையில ஒவ்வொரு பேராசிரியரா முயற்சி பண்ணி, எல்லாரும் கை காட்டி விட, கடைசியா மாட்டினது புதுசா சேர்ந்த லெவசன்.

எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது, என் துறையே வேற, ஆனா பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார். ஒரு மரியாதைக்குச் சொன்ன அந்தப் "பார்க்கிறேன்" 30 வருஷத் தேடலா ஆகிப்போச்சுன்னு பின்னாடி அவரே ஒரு முன்னுரையில எழுதியிருக்கார்.

27 பேர் எழுதின ஒரே நிரல்

1980-களில் மென்பொருள் நம்பகத்தன்மைக்கு ஒரு பிரபலமான வைத்தியம் இருந்தது. ஒரே வேலைக்கு மூணு குழுவைத் தனித்தனியா நிரல் எழுதச் சொல்றது. மூணையும் சேர்த்து ஓட்டி ஓட்டெடுப்பு நடத்துறது. ஒண்ணு தப்பு பண்ணினா மத்த ரெண்டும் அதைத் தோற்கடிச்சிடும். நம்ம ஊர் பஞ்சாயத்து மாதிரி. தனித்தனியா எழுதினவங்க ஒரே இடத்துல தப்பு பண்ண மாட்டாங்கங்கிற நம்பிக்கையிலதான் இது நிக்குது. இந்த முறையை முன்னால் நின்று வளர்த்தவர் லெவசன் படிச்ச அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அல்கிர்தாஸ் அவிஜியெனிஸ்.

லெவசனும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஜான் நைட்டும் அந்த நம்பிக்கையைச் சோதிச்சுப் பார்த்துடலாம்னு இறங்கினாங்க. ரெண்டு பல்கலைக்கழகத்து மாணவர்களும் ஒரே கணக்குக்கு ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம 27 நிரல் எழுதினாங்க. ஒவ்வொண்ணையும் 10 லட்சம் தடவை ஓட்டினாங்க. தனித்தனியா பார்த்தா எல்லாம் தங்கமான நிரல்கள். பெரும்பாலானவை 99.9 சதவீதத்துக்கு மேல சரி. ஆனா தப்பு வந்த இடங்களைச் சேர்த்து வச்சுப் பார்த்தா, ஒண்ணுக்கு மேற்பட்ட நிரல்கள் ஒரே உள்ளீட்டுல சேர்ந்து கவுந்தது ஆயிரம் தடவைக்கும் மேல. தற்செயலா நடக்கக் கூடியதை விட ரொம்ப அதிகம். கணக்குல எந்த இடம் கஷ்டமோ, அங்க எல்லாருமே வழுக்குறாங்க. ஒரே கேள்வித்தாள்ல ஊரே ஒரே கணக்கைத் தப்பாப் போடுறதில்லையா, அது மாதிரி.

1986-ல் இது வெளிவந்ததும் பெரிய சண்டை. அவிஜியெனிஸ் தரப்பு கடுமையா எதிர்த்தது. நைட்டும் லெவசனும் 1990-ல் பதில் கட்டுரையே எழுத வேண்டி வந்தது. சும்மா பேராசிரியர்கள் சண்டைன்னு இதைத் தள்ளிடாதீங்க. "ரெண்டும் ஒரே நேரத்துல கெடவா போகுது?"ங்கிற கேள்வி இந்தப் பதிவு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

தெராக்-25

லெவசன் பேர் இன்னைக்கும் பாடப் புத்தகங்கள்ல இருக்கிறது இதனாலதான்.

தெராக்-25 புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற இயந்திரம். கனடா அரசு நிறுவனமான ஏ.ஈ.சி.எல் தயாரிச்சது. அமெரிக்காவுல 5, கனடாவுல 6, ஆக மொத்தம் 11 இயந்திரம் ஓடிக்கிட்டிருந்தது. ரெண்டு வேலை செய்யும். எலக்ட்ரான் கதிர் நேரா உடம்புக்கு, இல்லைன்னா அதையே ஒரு உலோகத்துல மோத விட்டு எக்ஸ்ரே. எக்ஸ்ரேக்குக் கதிரோட மின்னோட்டத்தை நூறு மடங்கு போலக் கூட்டணும். அப்ப அந்த உலோகம் நடுவுல கட்டாயம் இருக்கணும். எந்த வேலைக்கு எது நடுவுல வரணும்னு ராட்டினம் மாதிரி ஒரு தட்டு சுத்தி மாத்தும். எக்ஸ்ரே அளவுக்குக் கதிரைத் திறந்துவிட்டு, தட்டு தப்பான இடத்துல நின்னா ஆள் காலி.

இதுக்கு முன்னாடி வந்த தெராக்-20-ல் இந்தத் தப்பு நடக்காம இருக்கத் தனியா மின்சுற்றும் இயந்திரப் பூட்டும் வச்சிருந்தாங்க. தெராக்-25-ல் அதையெல்லாம் எடுத்துட்டாங்க. எல்லாத்தையும் மென்பொருளே பார்த்துக்கும்னு விட்டுட்டாங்க. அந்த மென்பொருளை பிடிபி-11 கணினிக்கு அசெம்பிளி மொழியில எழுதினது ஒரே ஒரு ஆள். 1983-ல் பாதுகாப்பு அலசல் ஒண்ணு செஞ்சிருக்காங்க. மென்பொருள் தேயாது, துருப்பிடிக்காது, நல்லா சோதிச்சாச்சுன்னு சொல்லி மிச்சமிருக்கிற நிரல் பிழைகளைக் கணக்கிலேயே எடுக்கலை. கணினி தப்பான சக்தியைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு வாய்ப்புன்னா பத்தாயிரம் கோடியில ஒண்ணுன்னு ஒரு எண் வேற. எங்க இருந்து வந்ததுன்னு விளக்கமே இல்லாத எண்.

1985 ஜூன்ல இருந்து 1987 ஜனவரி வரைக்கும் 6 விபத்து. முதல் விபத்து ஜார்ஜியா மாநிலத்துல, 61 வயசு அம்மா. சுட்டுடுச்சுன்னு அவங்க சொல்றாங்க. இயந்திரத்துல அப்படி ஆகவே வாய்ப்பில்லைன்னு பதில். வழக்கமா ஒரு தடவைக்குக் கொடுக்கிறது 200 ராட் அளவு. அவங்க உடம்புல பாய்ஞ்சது 15,000-ல் இருந்து 20,000 ராட் இருக்கும்னு பின்னாடி மதிப்பிட்டாங்க.

ரெண்டாவது, கனடாவுல ஹாமில்டன். கம்பெனி வந்து பார்த்துட்டு ஒரு சின்ன சுவிட்ச் மேல பழியைப் போட்டு, அதைச் சரி பண்ணி, பாதுகாப்பு குறைஞ்சது 1 லட்சம் மடங்கு கூடிப்போச்சுன்னு அறிவிச்சது. அந்த சுவிட்ச்தான் காரணம்னு அவங்களாலேயே உறுதியாச் சொல்ல முடியலைங்கிறதுதான் வேடிக்கை.

அப்புறம் டெக்சாஸ் மாநிலம் டைலர், 1986 மார்ச். இயந்திரத்தை இயக்குற அம்மா ரொம்ப அனுபவசாலி, வேகமா தட்டச்சு செய்றவங்க. எலக்ட்ரானுக்கு 'ஈ' போட வேண்டிய இடத்துல பழக்கதோஷத்துல 'எக்ஸ்' போட்டுட்டாங்க. உடனே மேல் அம்புக்குறி விசையால ஏறிப் போய்த் திருத்திட்டு, மடமடன்னு எண்டர் தட்டி, கதிரைத் திறந்தாங்க. திரையில "பழுது 54"ன்னு வந்தது. 202 அலகு கேட்டதுக்கு 6 அலகுதான் போயிருக்குன்னும் காட்டுச்சு. இந்த இயந்திரம் சும்மா சும்மா இப்படி நிக்கிறது வழக்கம். தொடரணும்னா 'பி' விசை. தட்டினாங்க. உள்ளே படுத்திருந்தவர் முதல் அடியிலேயே துடிச்சு எந்திரிக்கப் பார்த்தார். ரெண்டாவது அடி கையில விழுந்தது. அறையைக் காட்டுற வீடியோ அன்னைக்கு இணைப்பில் இல்லை, ஒலிபெருக்கியும் ரிப்பேர். அவர் வந்து கதவைத் தட்டின பிறகுதான் வெளியில இருந்தவங்களுக்கே தெரியுது. அஞ்சு மாசத்துல இறந்துட்டார்.

கம்பெனி ஆட்கள் வந்து பார்த்தாங்க. திரும்ப வரவழைக்க முடியலை. இயந்திரத்துல அதிக அளவு போக முடியவே முடியாது, மின்சார ஷாக்கா இருக்கலாம்னாங்க. ஏப்ரல் 7 இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பிச்சது. ஏப்ரல் 11, அதே இடம், அதே இயக்குபவர், அதே "பழுது 54". அந்த நோயாளி மே 1 அன்னைக்கு இறந்தார்.

கண்டுபிடிச்சது கம்பெனி இல்லை. அந்த மருத்துவமனை இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகரும் அந்த இயக்குபவரும் இயந்திரத்து முன்னாடி உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. காந்தங்களைத் தயார்ப்படுத்த இயந்திரத்துக்கு 8 நொடி ஆகும். அந்த 8 நொடிக்குள்ள திருத்தி முடிச்சுட்டா, திரை புதுசைக் காட்டும், உள்ளே பழசே ஓடும். மெதுவா தட்டுற ஆளா இருந்தா ஒண்ணும் ஆகாது. வேலை நல்லாத் தெரிஞ்சவங்க கையிலதான் அது ஆளைக் கொன்னது.

இதுக்குக் கம்பெனி அனுப்பின அவசர நிவாரணத்தைக் கேளுங்க. கீபோர்டுல மேல் அம்புக்குறி விசையோட மூடியைப் பிடுங்கிட்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிடுங்கன்னு கடிதம்!

அதுக்கு அப்புறமும் 1987 ஜனவரியில வாஷிங்டன் மாநிலம் யாகிமாவுல இன்னொருத்தர் மாட்டினார், பின்னாடி அதனாலேயே செத்தார். அது வேற பிழை. ஒரு பைட் அளவுள்ள மாறியில ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ஒண்ணாக் கூட்டிக்கிட்டே போறாங்க. 255-க்கு அப்புறம் அது பூஜ்யம் ஆகும்ல? பூஜ்யம்னா "எல்லாம் சரி, சோதிக்கத் தேவையில்லை"ன்னு அர்த்தம். அந்த 256-வது தடவையில சரியா பொத்தானை அமுக்கினா போச்சு.

இதையெல்லாம் உலகத்துக்கு முழுசாச் சொன்னது லெவசனும், சட்டமும் படிச்ச அவரோட ஆராய்ச்சி மாணவர் கிளார்க் டர்னரும். வழக்கு ஆவணங்கள், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோட கடிதங்கள் எல்லாத்தையும் சேகரிச்சு 1993 ஜூலையில ஐஈஈஈ-யோட "கம்ப்யூட்டர்" இதழ்ல எழுதினாங்க. ஒரு துப்பறியும் கதை மாதிரி விறுவிறுன்னு போற கட்டுரை.

என்னைப் புரட்டிப் போட்டது அதோட முடிவுதான். "இதோ பிழை, இதைத் திருத்துங்க"ன்னு அவங்க நிறுத்தலை. ஒவ்வொரு பிழையாத் திருத்துறதுதான் கம்பெனி செஞ்ச பெரிய தப்புன்னு சொல்றாங்க. அந்த 8 நொடிப் பிழை பழைய தெராக்-20-லயும் இருந்திருக்கு! அங்க ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். பூட்டு இருந்ததால யாரும் சாகலை. பிழை ரெண்டுலயும் ஒண்ணுதான். பூட்டை எடுத்தது, புகார் சொன்னவங்களை நம்பாதது, ஒரு ஊர்ல நடந்ததை அடுத்த ஊருக்குச் சொல்லாதது, பழைய நிரல் ரொம்ப நாளா நல்லா ஓடுது அதனால பாதுகாப்பானதுன்னு முடிவு கட்டினது, இதுதான் கொன்னது. தெராக்-25 ஆயிரக்கணக்கான தடவை சரியாத்தான் ஓடியிருக்கு. நம்பகமா ஓடுறது வேற, பாதுகாப்பா இருக்கிறது வேற.

போபால்

கட்டுரை வந்த 1993-லயே லெவசன் சியாட்டில்ல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1995-ல் "சேஃப்வேர்"னு புத்தகம். மென்பொருள் புத்தகம்னு திறந்தா கடைசிப் பகுதியில செர்னோபில், த்ரீ மைல் ஐலண்ட், நம்ம போபால் எல்லாம் வருது. கணினிக்கும் போபாலுக்கும் என்ன சம்பந்தம்?

1984 டிசம்பர் 2 ராத்திரி. விஷவாயு கசிஞ்சா தடுக்க யூனியன் கார்பைடு ஆலையில ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஏற்பாடு இருந்தது. தொட்டியைக் குளிரா வைக்கிற குளிரூட்டி, வாயுவைக் கழுவி எடுக்கிற ஸ்கிரப்பர், எரிச்சு விடுற கோபுரம், தண்ணித் திரை. அன்னைக்கு எதுவுமே உதவலை. காகிதத்துல பார்த்தா இத்தனையும் ஒரே ராத்திரியில கைவிட வாய்ப்பே இல்லை. ஆனா குளிரூட்டியை மாசக் கணக்கா நிறுத்தி வச்சிருந்தாங்க. கோபுரத்தோட குழாய் கழட்டிப் போட்டிருந்தது. தண்ணி அந்த உயரத்துக்கு எட்டலை. நஷ்டத்துல ஓடின ஆலை, செலவைக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. அந்த ஒரே காரணம் எல்லாக் காவலையும் ஒண்ணாக் கவுத்துடுச்சு. அந்த 27 நிரல் ஞாபகம் வருதா?

கம்பெனி என்ன சொல்லுச்சு? ஒரு தொழிலாளி வேணும்னே தண்ணியை விட்டுட்டான்னு. அப்படியே வச்சுக்கிட்டாலும், ஒரு ஆள் தண்ணி விட்டா ஒரு ஊரே சாகிற மாதிரி ஆலையை வச்சிருந்தது யார்?

என் பழைய வேலை ஒண்ணுல, எது கவுந்தாலும் ஒரு படிவம் நிரப்பணும். "மூல காரணம்"னு ஒரு கட்டம். அதுல ஆறேழு பதில்தான் தேர்ந்தெடுக்கலாம். பத்துக்கு எட்டு "மனிதப் பிழை"ன்னுதான் போகும். ஏன்னா அதைப் போட்டா மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க, படிவம் மூடிடும். நடுராத்திரி ஷிப்டுல தூக்கக் கலக்கத்துல உட்கார்ந்திருந்த ஜூனியர் பையன் பேரு அதுல ஏறும். லெவசனைப் படிச்ச பிறகு அந்தக் கட்டத்தை நினைச்சா பத்திக்கிட்டு வருது. விசாரணை அங்க முடியக் கூடாது, அங்கதான் ஆரம்பிக்கணும்ங்கிறார் அவர்.

யாரும் தப்பு பண்ணாத விபத்து

1998-ல் எம்.ஐ.டி. கணினித் துறைக்கு இல்லை, வானூர்தி - விண்வெளித் துறைக்கு. காரணம் இருக்கு. விமானங்கள் வானத்துல மோதிக்காம எச்சரிக்கிற டிகாஸ்-2 கருவிக்கான தேவைகளை ஒரு பொறியாளரும் படிச்சுச் சரிபார்க்கிற மாதிரி கணித வடிவத்துல எழுதினது அர்வைன்ல இருந்த அவரோட குழுதான். நாசா விண்கலத்தோட பறப்பு மென்பொருளை ஆய்வு செஞ்ச குழுவுக்கும் தலைவரா இருந்தார்.

அந்தக் காலத்துல ரெண்டு விபத்து. 1996 ஜூன் 4, ஏரியன்-5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பி 40 நொடிக்குள்ள வெடிச்சது. ஏரியன்-4-ல் ஒழுங்கா ஓடின நிரலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாங்க. புது ராக்கெட்டோட வேகம் 16 பிட்டுல அடங்கலை. ஒரு கணினி போனா இன்னொண்ணுன்னு ரெண்டு வச்சிருந்தாங்க. ரெண்டுலயும் ஒரே நிரல், ரெண்டும் ஒண்ணாப் படுத்துடுச்சு.

1999 டிசம்பர்ல மார்ஸ் போலார் லேண்டர். செவ்வாய்ல இறங்கும்போது கால்களை விரிக்கிற அதிர்வை "தரையைத் தொட்டாச்சு"ன்னு மென்பொருள் எடுத்துக்கிட்டு, 40 மீட்டர் உயரத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருக்கும்னு விசாரணைக் குழு முடிவு பண்ணுச்சு. கால் சரியா விரிஞ்சது. உணர்கருவி கால் அசைஞ்சதைத்தான் சொன்னது. மென்பொருள் தனக்குச் சொன்னபடிதான் நிறுத்துச்சு. தனித்தனியா ஒண்ணுமே கெடலை. சேர்ந்தபோது கலம் நொறுங்கிடுச்சு.

2000 வாக்குல தனக்கு ரொம்ப மனசு விட்டுப் போச்சுன்னு லெவசன் எழுதுறார். எவ்வளவோ புத்திசாலிகள் உழைச்சும் பாதுகாப்பு நகரவே மாட்டேங்குதேன்னு. அப்பதான் அடிப்படையையே மாத்தினார். விபத்துன்னா சங்கிலியில ஒரு கண்ணி அறுந்து போறதுன்னு நினைக்கிறதை விட்டுட்டு, கட்டுப்பாடு கைநழுவிப் போறதுன்னு பார்க்கச் சொன்னார். நிரல், இயக்குபவர், மேலாளர், அரசுத் துறை எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டுப்படுத்துற ஒரு அமைப்பு. அதுல எங்க தகவல் போய்ச் சேரலை, எங்க தப்பான நம்பிக்கை இருந்ததுன்னு தேடணும். 2004-ல் ஸ்டாம்ப்ங்கிற பேர்ல கட்டுரை, 2011-ல் "இன்ஜினியரிங் எ சேஃபர் வேர்ல்ட்" புத்தகம். 2020-ல் பாதுகாப்புத் தொழில்நுட்பத்துக்கான ஐஈஈஈ பதக்கமும் வந்து சேர்ந்தது.

இதுக்கெல்லாம் பலன் உண்டான்னு கேட்டா, பெருமூச்சுதான் வருது. 2018 அக்டோபர்ல இந்தோனேசியாவுல 189 பேர், 2019 மார்ச்ல எத்தியோப்பியாவுல 157 பேர், போயிங் 737 மேக்ஸ்ல செத்தாங்க. ஒரே ஒரு உணர்கருவி தப்பாச் சொன்னதை நம்பி எம்காஸ் மென்பொருள் மூக்கைக் கீழே கீழே அழுத்திக்கிட்டே இருந்தது. நிரலாளர் எழுதினதுல பிழையில்லை. கேட்டதை அப்படியே எழுதியிருந்தார். கேட்டதுதான் தப்பு. அப்பவும் முதல்ல என்ன சொன்னாங்க? விமானிகள் சரியாக் கையாளலைன்னு. 1985-ல் ஜார்ஜியாவுல அந்த அம்மாகிட்ட சொன்ன அதே தொனி.

டெஸ்டிங்ல இருக்கிற எனக்கு இதுல இருந்து ஒட்டிக்கிட்டது ஒண்ணுதான். "எழுதிக் கொடுத்தபடி ஓடுதா"ன்னு பார்க்கிறதோட என் வேலை முடியலை. எழுதிக் கொடுத்ததே சரியா, அதிகாரி இல்லாத ராத்திரியில, வேகமா தட்டுற கையில, ஃபியூஸ் கூட இல்லாத இயந்திரத்துல அது என்ன செய்யும்னு கேட்கணும். யாராவது "திரை வேற காட்டுது, எனக்குச் சுட்டுது"ன்னு சொன்னா, வாய்ப்பே இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி ஹேகர் மாதிரி பக்கத்துல உட்கார்ந்து நாலு தடவை தட்டிப் பார்க்கணும்.

உங்க ஆபீஸ்ல அந்த "மூல காரணம்" கட்டத்துல என்னய்யா எழுதுறாங்க? வந்து சொல்லிட்டுப் போங்க :)